அரைப்பேர்: எல்ஃப் தீவின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தொகுப்பின் ஆசிரியர் குழுவினருக்கு,

நாம் சேர்ந்து எழுதிய கற்பனை எல்ஃப் தீவுத் தொகுப்பின், அச்சுக்குப் போகவிருக்கும் படியை நீங்கள் சென்ற மாதம் எங்கள் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். அதில் தீவின் ஒரு பாதியான கீழ்க்கரை பற்றிய பதினொரு பக்கங்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன: "கீழ்க்கரையோர் இயல்பிலேயே உழைப்பில் மகிழ்வோர். அவர்களது குருதியில் பாட்டுக் குறைவு, பணிவு மிகுதி." அந்தப் பதினொரு பக்கங்களில் ஏழு நான் எழுதியவை. மற்ற நான்கும் கூடலூரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தம்பி எழுதிய பாடல்கள். எங்களைக் கேட்கவில்லை என்ற குறை தனியே இருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களோடு இந்தத் தொகுப்பு வெளிவருவதை என்னால் ஏற்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரியிலும் குன்னூரிலும் உதகையிலும் கூடலூரிலும் இருந்த வாசகர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, இல்லாத ஒரு தீவை இருப்பதுபோல் எழுதிப் பார்க்கலாம் என்று தொடங்கியதுதான் இது. முதல் மூன்று கூட்டங்களும், ஐரோப்பியக் கதைகளில் கூர்ங்காதுகளோடு வரும் மாய மக்களைக் குறிக்கும் 'எல்ஃப்' என்ற சொல்லை என்ன செய்வது என்ற சண்டையிலேயே கழிந்தன. தேவதை என்றால் கோவில் நினைவு வருகிறது, வனமோகினி என்றால் பேய்க்கதை ஆகிவிடுகிறது என்று எல்லாவற்றையும் தள்ளி, கடைசியில் எல்ஃப் என்றே வைத்துக்கொண்டோம். தீவின் இரு பாதிகளுக்கு மேற்கரை, கீழ்க்கரை என்று பெயரிட்டபோது யாரும் சண்டை போடவில்லை. மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. நீலகிரியின் பழைய நான்கு சீமைகளில் ஒன்றுக்கு மேற்குநாடு என்று பெயர் இருப்பதைப் போல, திசையைக் குறிக்கும் பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேற்கரை என்பதற்கு உயர்ந்த கரை என்றும் கீழ்க்கரை என்பதற்குத் தாழ்ந்த கரை என்றும் பொருள் ஏறிக்கொண்டது. அப்படி ஏறியதை நான் குறை சொல்லவில்லை, ஒரு நாட்டில் அப்படித்தான் நடக்கும். நடந்ததற்குக் காரணம் எழுத வேண்டும் என்று கேட்டவள் நான். "நீங்களே எழுதுங்கள்" என்று பணித்தவர்கள் நீங்கள்.

அந்தக் காரணத்தைத்தான் ஏழு பக்கங்களில் எழுதினேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். மேற்கரையின் மண்டபங்களில் இரவெல்லாம் முந்நூறு விளக்குகள் எரிகின்றன என்று தொகுப்பின் முதல் அத்தியாயமே சொல்கிறது. அவற்றுக்கான எண்ணெய், கீழ்க்கரைப் பாறைகளில் படரும் வெள்ளிப்பாசியைப் பிழிந்து எடுப்பது. பாசி எடுக்க ஆள் போதாமல், மேற்கரையார் கடலுக்கு அப்பாலிருந்து இரண்டாம் முறை கப்பல் விட்டு வேறு எல்ஃப்களை அழைத்து வந்தார்கள். தீவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் பெயர்மரத்தின் பட்டையில் பொறிக்கப்படும் என்பது நம் தீவின் முதல் சட்டம். இரண்டாம் கப்பலில் வந்தவர்களின் பெயர்களைப் பொறிக்க மரத்தில் இடமில்லை என்று மேற்கரை முடிவு செய்தது. மரத்தில் பெயர் இல்லாதவருக்கு நிலம் இல்லை, மன்றத்தில் குரல் இல்லை. நம் தீவில் வயதைக் குறிஞ்சிப் பூப்பை வைத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பூப்பு என்று எண்ணுகிறோம். அந்த எண்ணிக்கையைக் குறிப்பதும் மரத்தில்தான் என்பதால் கீழ்க்கரையாருக்கு வயதுகூட இல்லை. நாள் முடிவில் பாசியை நிறுவைக் கொட்டிலில் நிறுப்பார்கள். குறித்த எடை வந்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர்.

இந்த அரைப்பேர் என்ற ஏற்பாட்டை "செயற்கையானது, எந்தச் சமூகமும் மனிதருக்குப் பாதிப் பெயர் தராது" என்று, பக்கங்களை நீக்கியதற்கு நீங்கள் எழுதிய குறிப்பு தள்ளுபடி செய்திருக்கிறது. நான் அதைக் கற்பனையில் எடுக்கவில்லை. என் அப்பாயி இலங்கையில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பேர் பதிந்து வேலை செய்தவர். அங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்றே பெயர். விடியுமுன் தப்பு என்ற பறை ஒலிக்கும். பிரட்டுக்களத்தில் கூடியவர்களை எண்ணி வேலைக்குப் பிரிப்பார்கள். மாலையில் கொழுந்து மடுவத்தில் கூடையை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்திருந்தால் கணக்கப்பிள்ளை அன்றைக்கு அரைப்பேர் போடுவார். விடியலிலிருந்து இடுப்பில் படங்கு என்ற சாக்குத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு மாலையில் கிடைப்பது அரைப்பேர். "மழை பேஞ்சா தண்ணிக்குக் கழிவு, வெயிலடிச்சா கூடைக்குக் கழிவு, எனக்கு என்னைக்குத்தான் கழிவில்லாத நாளு?" என்று அப்பாயி சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் பக்கங்களில் மூடுபனியின் ஈரத்துக்காக நிறுவைக்காரர் எடையைக் குறைக்கிற இடம் வருகிறதே, அது அப்பாயியின் வாயிலிருந்து வந்தது. உங்களில் ஒருவர் அந்த வரியின் ஓரத்தில் "மிகை" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்.

பெயர்மரமும் அப்படித்தான். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்தவராக இருந்தாலும், தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததைக் காட்டினால்தான் குடிமகன் என்றது. லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டின் காம்பராவில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய யாரும் முனையாத காலத்தில் வாழ்ந்த பூட்டனுக்கு எங்கே சான்று தேடுவது? ஏறத்தாழ ஏழு லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர் நாடற்றவர் ஆனார்கள், அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது; மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டன. அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, குளிருக்குப் போர்த்த ஒன்றுமில்லாமல் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே தோட்டக்காட்டான் என்று ஏசப்பட்டவர்கள் இங்கே சிலோன்காரர் ஆனார்கள். இன்றும் எங்கள் குடியிருப்பை அகதி முகாம் என்று வழிசொல்கிற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், நாங்கள் இந்தியக் குடிமக்களாகவே வந்தவர்கள் என்று விளக்குவதற்குள் பேருந்து நிறுத்தம் தாண்டிவிடும்.

ஆகவே ஒரு தீவு, அதன் ஏட்டில் பெயரில்லாத மக்கள், அவர்கள் உழைப்பில் எரியும் விளக்கு என்று எழுதியபோது நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்ஃப்களின் காதுகளை மட்டும்தான் கூட்டிச் சேர்த்தேன்.

உங்கள் குறிப்பில் இன்னொரு வாதம் இருக்கிறது. எல்ஃப்கள் ஆயிரம் ஆண்டு வாழ்பவர்கள், அவ்வளவு காலம் வாழ்ந்தவர்களுக்கு ஞானம் கூடும், ஞானம் கூடியவர்கள் கொடுமை செய்யமாட்டார்கள். ஆகவே கீழ்க்கரையின் தாழ்வுக்கு மேற்கரையைக் காரணமாக்குவது எல்ஃப் இயல்புக்கு முரண் என்கிறீர்கள். இதை நான் மதித்துப் பல நாள் யோசித்தேன். தொகுப்பின் மிக நல்ல கேள்வி இதுதான் என்றும் நினைக்கிறேன். ஆனால் விடை நேர் எதிராக வருகிறது. மனிதரிடையே தோட்டத்து ஆட்களை மேய்க்கும் கங்காணியும் ஒருநாள் சாகிறார், துரையும் ஒருநாள் கப்பலேறிப் போகிறார், அடுத்து வருகிறவன் கொஞ்சம் நல்லவனாக இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை மிஞ்சுகிறது. ஆயிரம் ஆண்டு வாழும் நாட்டில் நிறுவைக்காரர் நானூறு ஆண்டுகளாக அதே ஆள். தராசும் அதே தராசு. மன்றத்தில் ஓர் இருக்கை காலியாவதற்குக் கீழ்க்கரையின் ஒரு பெண் எண்பது குறிஞ்சிப் பூப்புகள் காத்திருக்க வேண்டும். கடனை எண்ணிப் பாருங்கள். இலங்கைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும், அந்தக் கடனைத் தீர்க்கிற தோட்டமே அவரை எடுத்துக்கொள்ளும். 1921இல் அந்த முறை ஒழிந்தது. ஒழியும்வரை தந்தையின் கடனுக்குச் சாவாவது ஒரு முடிவைத் தரும் என்று எண்ண இடமிருந்தது. சாவு தள்ளிப்போகிற தீவில் துண்டை யார் கிழிப்பார்கள்?

ஞானத்தைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு முழுமையாகக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள். மனிதருக்கு அது இரண்டு தலைமுறை; நம் மேற்கரை மன்றத்தாருக்கு ஒரு பிற்பகல் உறக்கம். "பொறுங்கள், பார்க்கலாம்" என்று சொல்வதற்கு அவர்களிடம் காலம் நிறைய இருக்கிறது. அவர்கள் கொடியவர்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. என் பக்கங்களில் வரும் மேற்கரைப் பெரியவர் இனிமையாகப் பேசுகிறவர், கீழ்க்கரைக் குழந்தைகளுக்குப் பழம் கொடுக்கிறவர். பெயர்மரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவருக்கு அவசரம் தெரிவதில்லை.

எல்ஃப் மரபிலேயே ஒளியோர், இருளோர் என்ற பிரிவு இருக்கிறது என்று எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட பழைய நூலொன்றில், ஒளி எல்ஃப்கள் கதிரவனைவிட அழகானவர்கள் என்றும் இருள் எல்ஃப்கள் கீலைவிடக் கறுத்தவர்கள், மண்ணுக்கடியில் வாழ்பவர்கள் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. ஒருவர் விளக்குக்கு மற்றவர் எண்ணெய் எடுத்துத் தர வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. அதே ஐஸ்லாந்தின் நாட்டார் கதைகளில் பாறைக்குள் வாழும் மறைவுமக்கள் மாடு வைத்திருக்கிறார்கள், புல் அறுக்கிறார்கள், வீடு மாறுகிறார்கள். மரபைச் சான்றுக்கு அழைத்தால் உழைக்கிற எல்ஃபும் சேர்ந்துதான் வருவார். வெளுப்பு உயர்வு, கறுப்பு தாழ்வு என்பதை மட்டும் பொறுக்கி எடுத்து, அதற்குக் 'குருதி' என்று பெயர் வைத்தது நம் தெரிவு. நிறத்தைப் பற்றி நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்ட எவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

"குருதியில் பாட்டுக் குறைவு" என்ற சொற்றொடரை நான் எளிதில் விட முடியாது. இந்த மலையில் தொதவர் பாலும் நெய்யும், படுகர் தானியமும், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும், கோத்தர் இரும்பும் மண்பாண்டமும் தந்து வாங்கி வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்த உறவில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். யார் யாருக்கு மேல் என்று கேட்டால் நான்கு கூட்டத்தாரும் நான்கு விதமாகச் சொல்வார்கள், அதுதான் எனக்கு முக்கியம். பிறர் வீட்டுச் சாவுக்கு இசைத்தவர்கள் கோத்தர். இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தொடர்பு அறுந்தது. அவர்களுடைய குழலும் கொம்பும் பறையும் அவர்கள் கோவில் திருவிழாவில் தொடர்ந்து ஒலிக்கின்றன. இலங்கைத் தோட்டங்களில் காமன் கூத்து ஆடினார்கள், விடியலில் வேலைக்கு எழுப்பிய அதே தப்பை அடித்து. உழைக்கிற மக்களிடம் பாட்டுக் குறைந்த இடம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. பாட்டைக் கேட்காத இடங்கள் பார்த்திருக்கிறேன். நம் தொகுப்பில் மேற்கரை விழாக்களுக்கு நாற்பது பக்கங்கள் இருக்கின்றன, எந்த விழாவில் எந்த நரம்புக்கருவி என்பதுவரை. கூடலூர்த் தம்பியின் நான்கு பக்கங்களை நீக்கிவிட்டு, அவர்களிடம் பாட்டே குறைவு என்று எழுதுவது எந்தக் கணக்கு? அவர் இரவுப் பணி முடித்துவந்து, உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் காதில் நிற்கும்போதே எழுதியவை அவை. தாளம் கொஞ்சம் முரடாக இருப்பது உண்மை. அதைத் திருத்தச் சொல்லியிருக்கலாம், திருத்தியிருப்பார்.

"தேயிலைத் தோட்டத்தைத் தீவுக்குள் கொண்டுவர வேண்டாம், வாசகர்கள் இளைப்பாற வருகிறார்கள்" என்று குறிப்பின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மேற்கரை மாளிகைகளின் சாய்வுக்கூரையும் முற்றத்து ரோஜாப்பாத்தியும் கணப்படுப்பும் எந்த ஊர்ப் பங்களாக்களைப் பார்த்து எழுதப்பட்டவை என்று நான் கேட்கவில்லை. பங்களா உள்ளே வரலாம், லயம் வரக்கூடாது என்றால் இளைப்பாறுதல் யாருக்கு என்பது தெரிந்துவிடுகிறது.

இனி, எங்களைக் கேட்கவில்லை என்ற குறை. கூட்டங்கள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன, எல்லோரும் வர முடியும் என்பதற்காக. இந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் குன்னூரில், விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய பங்களாவில் நடந்தது. நான் பள்ளியில் வகுப்பில் இருந்தேன். கூடலூர்த் தம்பி வருவதென்றால் உதகை வழியாக மலைப்பாதையில் பாதி நாள், அத்தோடு ஒரு நாள் கூலி. வந்திருந்த ஐந்து பேரும் அந்த நேரத்தில் அங்கே வர இயன்றவர்கள். யாரும் திட்டமிட்டு எங்களை ஒதுக்கியதாக நான் நினைக்கவில்லை. நம் மேற்கரைப் பெரியவரும் யாரையும் திட்டமிட்டு ஒதுக்குவதில்லை.

பக்கங்களை நீக்கியபின்பும் என் ஓவியம் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அட்டைப்படமாகப் போட்டிருக்கும் அந்தக் குடில், மூடுபனி, பின்னால் கடல் எல்லாம் என் நிறுவைக் கொட்டில்தான். "இயற்கைக் காட்சி" என்று அடியில் போட்டிருக்கிறது. நான் வரைந்ததில் வாசலிலிருந்து பாறை விளிம்புவரை கூடையோடு ஒரு வரிசை நின்றது. உங்கள் படத்தில் அந்த இடம் புல்வெளியாக இருக்கிறது.

நான் கேட்பவை இவை. குருதி, பணிவு, இயல்பு என்று எழுதிய இரண்டு வாக்கியங்களையும் அச்சுக்கு முன் நீக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை. பதினொரு பக்கங்களையும் மீண்டும் சேர்ப்பதா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இந்த முறை கூடலூரிலோ கோத்தகிரியிலோ கூடி, எழுதியவர்கள் எல்லோரும் இருக்கும்போது முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டம் முடியும்வரை அச்சகத்துக்குப் படி போகக்கூடாது. நீளம்தான் தடை என்றால் என் ஏழு பக்கங்களை நானே நான்காகச் சுருக்கித் தருகிறேன், பாடல்களில் கைவைக்காதீர்கள். பாடல்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், ஆறு ஆண்டுகள் கூட இருந்தவர் என்பதால், தம்பியின் பெயர் எழுதியோர் பட்டியலில் மற்றவர்கள் பெயரின் அளவிலேயே வர வேண்டும். இப்போதைய படியில் அது நன்றியுரையில் 'மற்றும் நண்பர்கள்' என்பதற்குள் போயிருக்கிறது. இவற்றில் எதுவும் இயலாது என்று நீங்கள் முடிவு செய்தால், என் பெயரையும், அரைப்பேர், பெயர்மரம் என்று நான் தந்த சொற்களையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அட்டைப்படத்தை மட்டும் எப்படியிருந்தாலும் இப்படியே விடக்கூடாது. அந்தக் கொட்டிலைப் போடுவதானால் வாசலில் நின்றவர்களைத் திரும்ப வரையுங்கள். மூல ஓவியம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். மொத்தம் இருபத்து மூன்று பேர்.

இப்படிக்கு,
கீழ்க்கரைப் பக்கங்களை எழுதியவள்,
கோத்தகிரி